மூன்றாவது க

கம்ப்யூட்டரில் டாக்டர் தாட்சாயணி மூன்று பெண்களாக இருந்தார். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் நின்றது. எம்.டி. படித்தபோது தெலுங்குக்காரர்கள் வழக்கப்படி வீட்டுப் பெயர் கேட்டார்கள். தமிழ்க் குடும்பத்தில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வேணுவின் முதலெழுத்து வந்து சேர்ந்தது. அவர் எழுதிய இருபத்து மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளும் இந்த மூன்று பேருக்கும் பங்கு பிரிந்து கிடந்தன. 2020இல் ஒரு மாதம் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதி, மூன்று பேரையும் ஒரே ஆளாக்கினார்.

அதற்குப் பிறகுதான் மொத்தக் கணக்கு கண்ணில் பட்டது. 2024 தொடக்கத்தில் அது 391. அதாவது, உலகத்தின் மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் 391 முறை இவருடைய கட்டுரைகளைச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். அதில் 214 முறை ஒரே கட்டுரைக்கு. இங்கே சொல்லப்போவது அந்தக் கட்டுரையைப் பற்றி.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். சித்தூரில் பயிற்சி. இப்போது திருப்பதியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் வேலை. மார்பக அறுவைக்குப் பிறகு சில பெண்களுக்குக் கை வீங்கும்; அளவெடுத்துக் கட்டுப் போட்டு, பயிற்சி சொல்லித் தர வேண்டும். என் மேஜைக்கு அடுத்த மேஜை தாட்சாயணியுடையது. அவர் கத்தி பிடிக்கிற டாக்டர் அல்ல. புற்று யாருக்கு வருகிறது, எந்த ஊரில் எத்தனை பேருக்கு, எவ்வளவு தாமதமாக வைத்தியத்துக்கு வருகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிற டாக்டர். ஸ்கூட்டர் ஓட்டப் பயம். திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். மத்தியான சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அவருடைய அப்பாவுக்கு, அவர் பேச்சில் நைனாவுக்கு, நகரிப் பக்கம் கரும்பும் கொஞ்சம் மாந்தோப்பும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார். படிக்கச் சொன்னால் பஸ் போர்டை எழுத்துக் கூட்டுவார், அவ்வளவுதான். எல்லைப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான்.

2014இல் சித்தூரை மையமாக வைத்து நாற்பது கிராமங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். நகரி, புத்தூர், சத்தியவேடு என்று தமிழ் பேசும் ஊர்கள் அதில் நிறைய. பன்னிரண்டு மாணவர்கள் வீடு வீடாகப் போனார்கள். எல்லாரும் தெலுங்குப் பிள்ளைகள். மார்பில் ஏதாவது தொந்தரவு இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், முதலில் என்ன கவனித்தாள் என்று கேட்டு, அவள் சொன்ன சொல்லையே படிவத்தில் தெலுங்கு எழுத்தில் எழுத வேண்டும். பிறகு அலுவலகத்தில் அந்தச் சொற்களை எண்களாக மாற்றினார்கள். கட்டி என்றால் 1, கெட்டித்தன்மை என்றால் 2, வலி என்றால் 3. தாட்சாயணியின் கைக்கு வந்தவை எண்கள் மட்டும்தான்.

ஐந்து மாதம் கழித்து முகாம் போட்டு, தொந்தரவு சொன்ன எல்லாரையும் பரிசோதித்தார்கள். எழுபத்திரண்டு பேருக்குக் கட்டி இருந்தது. அதில் பத்தொன்பது பேருக்குப் புற்று. இவர் எண்களைப் பார்த்தார். அந்த எழுபத்திரண்டில் முப்பத்தெட்டுப் பேர் ஐந்து மாதம் முன்பு ‘கெட்டி’ என்று சொன்னவர்கள். அப்படியானால் மார்பு முதலில் கெட்டியாகிறது, கட்டி பிறகு வருகிறது என்று பொருள். 2016இல் இதைக் கட்டுரையாக எழுதினார்.

கட்டி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஓர் அடையாளம் என்றால் யார் விடுவார்கள்? எகிப்தில் மேற்கோள் காட்டினார்கள், பிரேசிலில் காட்டினார்கள். எங்கள் மருத்துவமனை கிராமப் பணியாளர்களுக்குப் போட்ட கையேட்டில் முதல் கேள்வியே ‘மார்பு கெட்டியாகத் தெரிகிறதா?’ என்று ஆனது. ஆம் என்றால்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. முப்பத்தாறு வருட வேலையில் எந்தப் பெண்ணும் என்னிடம் அப்படிச் சொல்லி வந்ததில்லை. ஆனால் கட்டுரை எழுதியவர் டாக்டர், நான் கை அளக்கிறவள். வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

2024 பிப்ரவரியில் ஜெயம்மா பத்தாம் வருடப் பரிசோதனைக்கு வந்தார். நகரிப் பக்கத்துக்காரர், வயது ஐம்பத்தெட்டு, இரண்டு எருமை. அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர். பால் கேன் தூக்கித் தூக்கி இடது கை மறுபடி வீங்கியிருந்தது. நான் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ரூபா என்ற பயிற்சி மாணவி பழைய ஃபைலைப் பார்த்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். தெலுங்குப் பெண், தமிழ் அரைகுறை.

“பெத்தம்மா, உனக்கு மொதல்ல கெட்டியா இருந்துச்சி, அப்புறம் கட்டி வந்துச்சி. கரெக்டா?”

“எவ சொன்னா?”

“நீதான் சொன்னே. ஃபைல்ல இருக்குது.”

“மொதல்லயே கட்டிதான். எலந்தப் பழம் சைஸு. கெட்டின்னு நான் ஏன் சொல்லப் போறேன்? கெட்டியா இருக்கறதுக்கு அது இன்னா தயிரா?”

நான் சிரித்துவிட்டேன். கையை ஆட்டாதே என்று ஜெயம்மாவை அதட்டினேன். தாட்சாயணி சிரிக்கவில்லை. எழுந்து வந்தார்.

“ஜெயம்மா, அன்னிக்கு ஊட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட எந்த பாஷைல பேசின?”

“அது தெலுங்குப் பொண்ணு டாக்டரம்மா. தெலுங்குலதான் பேசிக்கினு இருந்தேன். கட்டின்னு மட்டும் நம்ம பாஷைல சொன்னேன். அதுக்குத் தெலுங்குல இன்னா சொல்றதுன்னு அந்நேரத்துக்கு வாயில வர்ல.”

“அந்தப் பொண்ணு மறுபடி கேட்டுச்சா?”

“கேக்கல. எழுதிக்கினு போயிடுச்சி. ஏன்? துட்டு எதுனா வருதா?”

தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தமிழில் க ஒன்றுதான். தெலுங்கில் நான்கு. ஜெயம்மா சொன்ன கட்டியை முதல் க போட்டு எழுத வேண்டும். அப்படி எழுதினால் தெலுங்குக்காரர் கண்ணுக்கு அது ‘கட்டிவிட்டு’ என்பதுபோல அந்த இடத்துக்குப் பொருந்தாத சொல். அதே சொல்லை மூன்றாவது க, அதாவது ‘தங்கம்’ என்பதில் வரும் ஒலி, போட்டு எழுதினால், நாம் சொல்கிற கெட்டி. கட்டிக்குத் தெலுங்கில் வேறு சொல் இருக்கிறது. தெலுங்கில் பேசிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு, மறுபடி தெலுங்கில் தொடர்வது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது. நானும் செய்வேன்.

அசல் படிவங்கள் சித்தூரில், பழைய கள அலுவலக அறையில் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருந்தன. மறுநாள் ரயிலில் போனோம். தனியாகப் போக அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன், என்னைக் கூப்பிட்டார். பாகாலாவில் ரயில் நின்றதும் இரண்டு வடை வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

“இந்த வார்த்தை எங்க ஊட்ல தெனமும் பேசற வார்த்தை சிஸ்டர். அம்மாவுக்கு முதுகுல கட்டி வந்தப்ப நூறு தடவை சொல்லியிருப்பேன்.”

“சாப்பிடுங்க. ஆறிடும்.”

டிரங்கில் கரப்பான் இருந்தது, படிவங்களுக்குச் சேதமில்லை. 2 என்று எண் போட்ட முப்பத்தெட்டையும் தனியே எடுத்தோம். முப்பத்து மூன்று தமிழ் பேசும் ஊர்களிலிருந்து வந்தவை. அதில் ஏழு படிவங்களில் முதலில் எழுதிய க அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் மூன்றாவது க எழுதியிருந்தது. மீதியில் ஆரம்பத்திலேயே மூன்றாவது க.

சிவப்பு மை யாருடையது என்று தாட்சாயணிக்குத் தெரியும். அந்த மாணவர்களுக்கு மேற்பார்வை பார்த்த நாகபூஷணம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வாத்தியார். தாட்சாயணி அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் தெலுங்கில் பேசினார் மனுஷன். நான் தமிழில் தருகிறேன்.

“ஞாபகம் இருக்கு மேடம். பிள்ளைங்க தப்பா எழுதிக்கிட்டு வந்தாங்க. முதல் க போட்டா அர்த்தமே இல்லையே. ஏழு ஃபாரம் நான் திருத்தினேன். அப்புறம் எல்லாரையும் உக்கார வச்சு இப்படி எழுதணும்னு பாடம் நடத்தினேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் தப்புப் பண்ணலை.”

“நல்லது நாகபூஷணம்.”

“ஏன் மேடம், இன்னும் எங்கயாவது தப்பு இருக்கா?”

“இல்ல. நீங்க எல்லாத்தையும் திருத்திட்டீங்க.”

போனை வைத்துவிட்டு அவரைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. “தெரியாத வார்த்தைன்னா என்கிட்ட கேளுன்னு நான் ஒரு வரி சொல்லியிருக்கணும்,” என்றார். அதோடு சரி.

அடுத்த பத்து நாள் அந்த முப்பத்து மூன்று பெண்களைத் தேடினோம். இருபத்தாறு பேர் உயிரோடு இருந்தார்கள். வீட்டுக்குப் போயோ போனிலோ நான் கேட்பேன், அவர் எழுதுவார். எந்தச் சொல்லையும் நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பு. ‘மொதல்ல இன்னா பாத்தே?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை. இருபத்து நான்கு பேர் கட்டி என்றார்கள். இரண்டு பேருக்கு ஞாபகமில்லை. தெலுங்கு ஊர்களிலிருந்து உண்மையாகவே கெட்டி என்று சொன்னவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரை வைத்து ஒரு கட்டுரையும் நிற்காது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத முடிவு செய்தார்.

இதெல்லாம் நடந்த நேரம் மோசமான நேரம். மார்ச் 28ஆம் தேதி பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. தாட்சாயணி இணைப் பேராசிரியராக ஒன்பது வருடம் காத்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. துறைத் தலைவர் கோவர்த்தனன் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இப்போது பேராசிரியர் ஆகிறவர்தான் அவர் நாற்காலிக்கு வருவார். எந்த ஆராய்ச்சிக்கு யார் போவது என்று முடிவு செய்வார். விண்ணப்பத்தில் 23 கட்டுரை, 391 மேற்கோள் என்று எழுதி ஜனவரியிலேயே கொடுத்தாகிவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றால் மேற்கோள் 177. போட்டியில் இருந்த இன்னொருவருக்கு அறுநூறுக்கு மேல். 391 இருந்தால், நம் ஊர் வேலை, நம் ஊர் அனுபவம் என்று சொல்லி ஈடுகட்டலாம். 177 வைத்துக்கொண்டு எதையும் ஈடுகட்ட முடியாது.

மார்ச் 10ஆம் தேதி கோவர்த்தனன் எங்கள் அறைக்கே வந்தார். நான் கட்டுத் துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

“திருத்தம் மட்டும் போட்டா போதாதா?” என்றார்.

“தலைப்பே தப்பு சார். எதைத் திருத்தறது?”

“சரி. இன்டர்வியூ இருபத்தெட்டு. லெட்டரை இருபத்தொம்போது அனுப்பு. பத்து வருஷம் கெடந்த தப்பு இன்னும் பத்தொம்போது நாள் கெடந்தா கெட்டாப் போயிடும்?”

“பன்னெண்டாந் தேதி டிரெய்னிங் ஆரம்பிக்குது சார். புதுசா நாப்பது பேரு. அந்தக் கேள்விய மனப்பாடம் பண்ணிக்கினு ஊருக்குப் போவாங்க. அப்புறம் யாரு அழிக்கறது?”

“டிரெய்னிங்கைத் தள்ளி வை.”

“காரணம் இன்னான்னு எழுதறது?”

“மழைன்னு எழுது.”

“மார்ச் மாசத்துலயா?”

“கரண்ட் இல்லைன்னு எழுதும்மா. நம்ம ஊர்ல யார் நம்ப மாட்டாங்க?” என்று அவரே சிரித்தார். பிறகு உட்கார்ந்தார். “என் பேரும் அந்தக் கட்டுரைல இருக்கு, மறந்துட்டியா?”

“கடைசிப் பேரு சார்.”

“ஆராய்ச்சிக் கட்டுரைல கடைசிப் பேருதாம்மா பெரியவர் பேரு. தெரியாத மாதிரிப் பேசாத. நான் கையெழுத்துப் போடலைன்னா?”

“அப்பவும் அனுப்புவேன். நீங்க ஒத்துக்கலைன்னு ஒரு வரி சேக்கணும், அவ்ளோதான்.”

கோவர்த்தனன் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க சிஸ்டர். நீங்கதான் பெரியவங்க.”

“அந்தக் கேள்வியக் கேட்டா, கட்டி இருக்கற பொம்பளை ‘கெட்டியா இல்லியே’ன்னு சொல்லிட்டு எருமை கட்டப் போயிடுவா சார்,” என்றேன். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நாள் அது அல்ல, எட்டு வருடம் முன்பு. ஆனாலும் சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்தார். கடிதத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “இவ்ளோ நேர்மைக்கு வேற ஊர்ல இருந்திருந்தா சிலை வைப்பாங்க. இங்க உனக்கு இன்கிரிமென்ட் கூட வராது, பாத்துக்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் பதினொன்றாம் தேதி காலை போனது. ஒன்றரைப் பக்கம். யாருடைய பெயரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. அன்று மத்தியானமே கையேட்டில் அந்தக் கேள்வி மேல் வெள்ளைத் தாள் ஒட்டினோம், நாற்பது கையேட்டிலும். ரூபா ஒட்டினாள், நான் பசை தடவினேன். புதிய கேள்வி அந்தத் தாளில் தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று அச்சடித்திருந்தது. தமிழ் வரியை நான் எழுதிக் கொடுத்தேன். தாட்சாயணி எழுத்துக் கூட்டிப் படித்து, சரி என்றார்.

நேர்முகத் தேர்வுக்குத் திருத்திய தாளோடு போனார்: 22 கட்டுரை, 177 மேற்கோள். உள்ளே நடந்ததைப் பிறகு என்னிடம் சொன்னார். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் பிழையை யார் கண்டுபிடித்தது என்று கேட்டாராம்.

“ஜெயம்மா,” என்று சொல்லியிருக்கிறார்.

நிபுணர் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, “எந்த இன்ஸ்டிட்யூட்?” என்று கேட்டிருக்கிறார்.

“பால் சொசைட்டி சார்.”

இரண்டு பேர் சிரித்தார்கள், அந்த நிபுணர் சிரிக்கவில்லை, நல்ல கேள்விகளாக நான்கு கேட்டார் என்றார். ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. அறுநூறு வைத்திருந்தவருக்குப் பதவி. விதிப்படி அதுதான் சரி. அவரும் மோசமான ஆள் இல்லை. தாட்சாயணி அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்தார். அடுத்த நாள் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. காபி வாங்கி வைத்தேன், நின்றுகொண்டே குடித்தார்.

ஜெயம்மா அடுத்த முறை வந்தபோது தாட்சாயணி அவரிடம் நடந்ததைச் சொன்னார்.

“உன்னால எனக்கு பெரிய போஸ்ட்டு போச்சு, ஜெயம்மா.”

“இன்னா டாக்டரம்மா இது, நானா எழுதினேன்? நான் சொன்னேன். எழுதுனவனைப் போய்க் கேளு.” பிறகு, “சம்பளம் கொறச்சிட்டாங்களா?” என்றார்.

“இல்ல, அதேதான்.”

“அப்ப இன்னா, உடு.”

தாட்சாயணி உடவில்லை. ஆகஸ்டில் பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இணையத்தில் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று முத்திரை. அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. முத்திரைக்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கட்டுரைகளின் அடியில் இருக்கிற பட்டியலைப் பார்த்து அப்படியே எடுத்துப் போடுவார்களாம். மூலத்தைத் திறந்து பார்ப்பதே இல்லையாம். ஒரு ஆளின் செல்வாக்கு அவருக்கு வேண்டாத பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதை நான் இதில்தான் பார்த்தேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அவர் தேடுகிறார். புதிதாக யாராவது மேற்கோள் காட்டியிருந்தால் அவருக்கு ஒரு மின்னஞ்சல்: அந்தக் கட்டுரை தவறு, தயவுசெய்து நீக்குங்கள், காரணம் இது. கட்டியையும் கெட்டியையும் வெளிநாட்டுக்காரருக்கு இங்கிலீஷில் விளக்க அவருக்கு எட்டு வரி ஆகிறது. இதுவரை பதினேழு பேருக்கு எழுதியிருக்கிறார். ஆறு பேர் பதில் போட்டார்கள். நான்கு பேர் நீக்கினார்கள். ஒருவர் நன்றி மட்டும் சொன்னார், நீக்கவில்லை. இன்னொருவர், எங்கள் ஊர்ப் பெண்களும் கெட்டி என்றுதான் சொல்கிறார்கள், உங்கள் கட்டுரை சரி, நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார்.

அவருக்குத் தாட்சாயணி எழுதிய பதிலை எனக்குப் படித்துக் காட்டினார். உங்கள் பெண்கள் எந்த மொழியில் சொன்னார்கள், எழுதியவர் எந்த மொழிக்காரர், மூலப் படிவம் இன்னும் இருக்கிறதா என்று மூன்று கேள்வி. கடைசியில் பெயர், அதன் கீழே இணைப் பேராசிரியர் என்று பதவி.

“இதுக்குப் பதில் வரும்னு நெனைக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“மூணு வாரம் ஆச்சு சிஸ்டர். வர்ல. நாளைக்கு மறுபடி போடணும்,” என்றார்.